ஈசினோபில் ஏறியிருக்கிறது, ஆனாலும் உடம்பு ஏன் புழுவைத் தானே கொல்வதில்லை?

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 58 வயது, வயல் வேலை, கொஞ்ச நாளாகக் களைப்பும் மூச்சிரைப்பும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, மொத்த வெள்ளணு 9,800, அதில் ஈசினோபில் என்ற வகை 14 சதவீதம். மலத்தில் முட்டை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி இருக்கும்போது அதுவே ஏன் புழுவைக் கொல்லவில்லை, அம்மை மாதிரி ஒருமுறை வந்துபோனால் மறுபடி வராதா, ஈசினோபில் ஏறுவது நல்லதா கெட்டதா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: புழுவை உடம்பு என்ன செய்யப் பார்க்கிறது? கிருமியை ஒழிப்பதுபோலப் புழுவையும் ஒழிக்கப் பார்க்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது அப்படி இல்லை. உடம்பு செய்வது எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும், புழு போன வழியில் ஏற்பட்ட சேதத்தை அடைப்பதும்தான்.

முதலில் அளவைப் பாருங்கள். ஒரு பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான். அதை விழுங்கும் வெள்ளணு 12 முதல் 15 மைக்ரான். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர், அதாவது 10,000 மைக்ரான். நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்கிற உருண்டைப்புழுவில் பெண் 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். கவளத்தை விழுங்கும் வாயால் பத்தாயத்தை விழுங்க முடியாது. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பாக்டீரியா உடம்புக்குள்ளேயே பெருகும். ஒன்று தப்பினால் நாளைக்கு லட்சம். குடற்புழு அப்படியல்ல. வயிற்றில் நூறு கொக்கிப்புழு இருந்தால், நூறு குட்டிப்புழுக்கள் தனித்தனியாகத் தோலைத் துளைத்து வந்திருக்கின்றன என்று பொருள். அதனால் உடம்புக்கு ஒன்றுவிடாமல் கொன்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. இருப்பது பத்தா நூறா என்பதில்தான் நோய் இருக்கிறது. இந்த விதிக்கு முக்கியமான ஒரு விலக்கு உண்டு, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது.

கொக்கிப்புழுவின் குட்டி வெறுங்காலில் ஏறுகிற இடத்திலிருந்து தொடங்கலாம். தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்துகொண்டு உள்ளே நுழைகிறது. அப்போது உடைந்துபோகும் தோல் அணுக்கள் இன்டர்லூகின்-33 போன்ற அபாயச் செய்திகளைக் கக்குகின்றன. குட்டி ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. குடலின் உள்சுவரில் டஃப்ட் அணு என்று ஒரு வகை அணு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. புழு வந்ததை முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான் என்று 2016-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எலிகளில் காட்டின. அது இன்டர்லூகின்-25 என்ற செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி போய்ச் சேரும் இன்னொரு வகை அணுக்கள் 2010-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவற்றோடு டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களும் சேர்ந்துகொண்டு மூன்று முக்கிய உத்தரவுகளைப் போடுகின்றன. இன்டர்லூகின்-5 எலும்பு மஜ்ஜையிடம் ஈசினோபில்களை அதிகமாகத் தயாரிக்கச் சொல்கிறது. இன்டர்லூகின்-4 ஐஜிஇ என்ற எதிர்பொருளைத் தயாரிக்க வைக்கிறது. இன்டர்லூகின்-13 குடலில் சளியைக் கூட்டி, தசையை இறுக்கி, உள்சுவர் அணுக்களை வேகமாகப் புதுப்பிக்கிறது.

மூன்றாவதுதான் குடலில் நடக்கும் உண்மையான போர். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு செடியாகக் கொன்றுகொண்டிருக்க மாட்டோம். அறுத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்து தள்ளிவிடுவோம். குடலும் அதையே செய்கிறது. வழவழப்பைக் கூட்டு, நீரைச் சுரக்கவிடு, இறுக்கித் தள்ளு. ஆனால் கொக்கிப்புழு மிதக்கும் செடியல்ல, வேர் பிடித்த செடி. நெக்கேட்டர் என்ற வகைக்கு வாயில் வெட்டும் தகடு, அங்கைலோஸ்டோமா என்ற வகைக்கு இரண்டு ஜோடிப் பல். குடல் சுவரின் ஒரு துணுக்கைக் கவ்வி உள்ளே இழுத்து, ரத்தம் உறையாதபடி ஒரு சுரப்பைவிட்டு, குடித்துக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

ஈசினோபிலுக்கு வருவோம். 1879-இல் பால் எர்லிக் பெயர் வைத்த அணு இது. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைச் சட்டென்று ஏற்பதால் அந்தப் பெயர். எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்சில் பார்த்தால் இரண்டு மடலாகப் பிரிந்த கரு, அதைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் ஒரே அளவுக் குருணைகள் நெருக்கமாக அடைந்திருக்கும். அந்தக் குருணைகளில் இருப்பது நஞ்சுப் புரதங்கள். விழுங்க முடியாத எதிரியின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொட்டுவதுதான் இதன் வேலை. எதிர்பொருள் பூசிய குட்டிப்புழுவை ஈசினோபில்கள் இப்படிக் கொல்வதைச் சோதனைக் குழாயில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்; அதில் சந்தேகம் இல்லை. உடம்புக்குள் முதிர்ந்த புழுவையும் அவை கொல்கின்றனவா என்பதுதான் சர்ச்சை. ஈசினோபிலே இல்லாதபடி வளர்த்த எலிகள் சில வகைப் புழுக்களை வழக்கம்போலவே வெளியேற்றின. தசைக்குள் தங்கும் டிரிக்கினெல்லா புழு விஷயத்தில் நிலைமை தலைகீழ்: ஈசினோபில் இருந்த எலிகளில்தான் அது நன்றாகப் பிழைத்தது. ஆகவே ஈசினோபில் ஏறுவதை எதிர்ப்புச் சக்தியின் மதிப்பெண்ணாகப் படிக்காதீர்கள். திசுவுக்குள் ஏதோ நடமாடுகிறது அல்லது ஏதோ ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லும் மணியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சதவீதத்தை அப்படியே பார்க்கவும் கூடாது. மொத்த வெள்ளணுவோடு பெருக்க வேண்டும்: 9,800-இல் 14 சதவீதம் 1,372. 500-க்கு மேல் போனால் அதிகம், 1,500-ஐத் தொட்டால் கட்டாயம் காரணம் தேட வேண்டும், 3,000-க்கு மேல் என்றால் நம் பக்கத்தில் யானைக்கால் புழுவின் நுரையீரல் வடிவத்தை நினைக்க வேண்டும். உங்கள் அப்பாவின் எண் நடுவில் நிற்கிறது. கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டிஸ், நுரையீரலைக் கடக்கும் நேரத்து உருண்டைப்புழு ஆகியவை இப்படி ஏற்றும். சொறி, ஆஸ்துமா, சில மாத்திரைகள்கூட ஏற்றும். குழந்தைகளுக்கு ஆசனவாயில் அரிக்கும் கீரிப்பூச்சி திசுவுக்குள் போவதில்லை, அதனால் பெரிதாக ஏற்றாது. அமீபாவும் ஜியார்டியாவும் புழுவே அல்ல, அவையும் ஏற்றுவதில்லை. “ஈசினோபீலியா வியாதி” என்று ஊரில் சொல்வது வழக்கம். அது வியாதியின் பெயர் இல்லை, எண்ணிக்கையின் பெயர்.

மலத்தில் ஏன் முட்டை தெரியவில்லை? இரண்டு காரணம் இருக்க முடியும், இரண்டும் வேறுவேறு திசையில் போகின்றன. தோலில் நுழைந்த கொக்கிப்புழு முட்டை போட 5 முதல் 9 வாரம் ஆகும், அதற்குள்ளேயே ஈசினோபில் ஏறிவிடும். அந்த இடைவெளியில் மலம் சுத்தமாகத்தான் இருக்கும். இன்னொன்று கணக்கு. கண்ணாடித் தகட்டில் சொட்டுநீரில் கலந்து பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் ஏறுவது சுமார் 2 மில்லிகிராம் மலம். பத்து நெக்கேட்டர் புழு இருந்து, அதில் பாதி பெண் என்றால், ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை போடும். அது 200 கிராம் மலத்தில் கலந்தால் கிராமுக்கு 125 முதல் 250. தகட்டில் சராசரியாக அரை முட்டைக்கு மேல் வராது. எனவே வேறுவேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பதுதான் முறை. காட்டோ-காட்ஸ் என்ற முறையில் 41.7 மில்லிகிராம் எடுத்து, வந்த எண்ணை 24-ஆல் பெருக்கிக் கிராமுக்கு எத்தனை என்று சொல்வார்கள். அதிலும் ஒரு வழுக்கல் உண்டு: கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது, கிளிசரினில் தெளிந்து மறைந்துவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் “இல்லை” என்றுதான் முடிவு வரும்.

இதே கணக்கை மறுபக்கமாகப் போட்டால் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று தெரிகிறது. ஒரு நெக்கேட்டர் நாளுக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம். அங்கைலோஸ்டோமா அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். நூறு நெக்கேட்டர் இருந்தால் 3 மில்லி. அதோடு போகும் இரும்பு ஒரு மில்லிகிராமைத் தொடும். ஓர் ஆள் சாப்பாட்டிலிருந்து நாளுக்கு உறிஞ்சுவதே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான், ஆகவே மாதக்கணக்கில் ரத்தம் இறங்கிக்கொண்டே போகும். ஆனால் நூறு புழு இருந்தால் கிராமுக்கு இரண்டாயிரத்தை நெருங்கி முட்டை இருக்கும். சாதாரணத் தகட்டிலேயே மூன்று நான்கு கண்ணில் பட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், 9.2-க்கு முழுப் பழியையும் புழுவின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 58 வயது ஆணுக்கு ரத்தசோகை என்றால் குடலில் வேறெங்காவது கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மலத்தில் மறைந்த ரத்தத்துக்கான பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி, மூட்டுவலி மாத்திரை அடிக்கடி போடுகிறாரா என்ற கேள்வி, இவற்றை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எழுதி அனுப்பிய நான்கு எண்களை வைத்து நான் நோயை முடிவுசெய்ய முடியாது.

இனி, புழு ஆண்டுக்கணக்கில் எப்படித் தப்பிக்கிறது? கவ்விப் பிடிப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி, அது சுரக்கும் பொருள்கள் எதிர்ப்பணுக்களைச் சமாதானப்படுத்துவது. உடம்பில் சண்டையை அடக்குகிற டி அணுக்கள் என்று ஒரு வகை இருக்கிறது. இன்டர்லூகின்-10 அவற்றின் கையிலிருக்கும் முக்கியக் கருவி. நெடுநாள் புழுத்தொற்றில் இவை கூடுகின்றன. ஐஜிஇ-யோடு போட்டி போடும் ஐஜிஜி4 என்ற எதிர்பொருளும் கூடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டுவது குடற்புழு அல்ல, யானைக்கால் புழு. கும்பகோணம் என்றாலே யானைக்காலைச் சொல்லிக் கேலி பேசிய காலம் ஒன்று இருந்ததே, அதே உச்சரீரியா பான்கிராப்டி. ஒரே தெருவில், ஒரே க்யூலக்ஸ் கொசு கடித்த மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரத்தத்தில் இரவு பத்து மணி முதல் இரண்டு மணிக்குள் ஊசி குத்தினால் அந்தப் புழுவின் குட்டிகளான நுண்புழுக்கள் நெளியும். அவருக்கு வெளியே ஒரு தொந்தரவும் தெரியாது. ஐஜிஜி4 ஏறி, இன்டர்லூகின்-10 கூடி, சண்டை அடங்கிக் கிடக்கிறது. இரண்டாமவருக்குச் சண்டை அடங்கவில்லை. நிணநீர்க் குழாய் வீங்கி, அழற்சியும் அதன்மேல் பாக்டீரியாத் தொற்றும் மாறிமாறி வந்து கால் தடிக்கிறது. ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுவே இருக்காது. மூன்றாமவருக்கு ராத்திரி இருமல், இழுப்பு. ஈசினோபில் 3,000-ஐத் தாண்டும், ஐஜிஇ எக்கச்சக்கம். அவர் உடம்பு நுண்புழுக்களை நுரையீரலில் வைத்தே சுத்தமாகத் துடைத்துவிடுகிறது, அந்தத் துடைப்பில் நுரையீரல் புண்ணாகிறது. டிஇசி மாத்திரையை, ஹெட்ரசான் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான், கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் 21 நாள் கொடுத்தால் அடங்கும். மூவரில் எதிர்ப்புச் சக்தி அதிகம் யாருக்கு? மூன்றாமவருக்கு. துன்பம் குறைவு யாருக்கு? முதலாமவருக்கு. “எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்” என்று கேட்பவர்களுக்கு இந்தத் தெருவைத்தான் காட்டத் தோன்றும்.

அம்மை மாதிரி மறுபடி வராதா என்ற கேள்விக்கு: வரும். பழவேற்காடு ஏரிப் பகுதி ஊர்களில் 1980-களில் செய்த ஆய்வில், மருந்து கொடுத்து உருண்டைப்புழுக்களை வெளியேற்றிய பிறகும், முன்பு அதிகம் இருந்தவர்களுக்கே திரும்பவும் அதிகம் சேரும் போக்கு தெரிந்தது. பழக்கவழக்கமா பிறவிக்கூறா என்று இன்றும் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் கலந்திருக்கலாம். உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைகின்றன, அதில் பழகிய எதிர்ப்புக்கு ஒரு பங்கு இருக்கலாம். கொக்கிப்புழு அப்படிக் குறைவதில்லை; பெரியவர்களிடம்தான் கூடுதல். ஆடுகளில் இந்தப் பழகிய எதிர்ப்பைப் பார்ப்பது சுலபம். அறுவடைக்குப் பின் நம் வயல்களில் கிடை போடும் மந்தைகளை வாட்டும் ஹெமாங்கஸ் என்ற இரைப்பைப் புழுவை எடுத்துக்கொண்டால், மேய்ச்சலில் திரும்பத் திரும்பக் குட்டிப்புழுவை விழுங்கும் ஆடு ஒரு கட்டத்தில் தானே புழுவை உதிர்த்துவிடுவதை நார்மன் ஸ்டோல் 1929-இலேயே எழுதிவைத்தார். குட்டி போடும் சமயத்தில் தாயாட்டுக்கு அந்த எதிர்ப்பு தளர்ந்து, முட்டை மறுபடி குவியும். மனிதருக்கோ தடுப்பூசி இன்னும் கைகூடவில்லை. கொக்கிப்புழுக் குட்டியின் புரதம் ஒன்றைப் பிரேசிலில் தொற்று உள்ள ஊர் மக்களுக்குப் போட்டபோது, ஏற்கெனவே அதற்கு எதிராக ஐஜிஇ இருந்தவர்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்து சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

புழு இருந்தால் ஒவ்வாமை வராது, எனவே புழு நல்லது என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கொக்கிப்புழு இருந்தவர்களுக்கு ஆஸ்துமா சற்றுக் குறைவாகவும், உருண்டைப்புழு இருந்தவர்களுக்குச் சற்று அதிகமாகவும் இருந்தது. பன்றிச் சாட்டைப்புழு முட்டையைக் குடிக்கக் கொடுத்துக் குடல் அழற்சியைக் குணப்படுத்தும் முயற்சியும் பெரிய சோதனைகளில் எடுபடவில்லை. இறால், கரப்பான், தூசிச் சிற்றுண்ணி, உருண்டைப்புழு நான்கிலும் டிரோபோமயோசின் என்ற ஒத்த புரதம் இருக்கிறது. எனவே இறால் ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை புழுவாலும் குழம்பலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை என்பது உருண்டைப்புழுவை நன்றாகவும், கொக்கிப்புழுவை ஓரளவும், சாட்டைப்புழுவை மோசமாகவும் வெளியேற்றும். கொக்கிப்புழுவுக்கு மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தால் பலன் கூடுகிறது, மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை குடலில் இருப்பதைத்தான் அடிக்கும். நுரையீரல் வழியில் இருப்பது பிறகு வந்து சேரும். அங்கைலோஸ்டோமாவின் குட்டிகள் மாதக்கணக்கில் வளராமல் உறங்கிக் கிடந்து, மழைக்காலத்தையொட்டி விழித்துக்கொள்வதை 1973-இல் வங்காளத்தில் செய்த ஆய்வு காட்டியது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் மாத்திரை முக்கியமாக 19 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் தேங்கிய களிமண் வயல் கொக்கிப்புழுக் குட்டிக்குப் பிடிக்காது. அதற்கு வேண்டியது நிழலும் ஈரமும் காற்றோட்டமும் உள்ள மணற்பாங்கான மண்: ஆற்றுப் படுகை, தென்னந்தோப்பு, மூங்கில் கொல்லை, வரப்போரம். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துப் புதிய டெல்டாவில் இந்த மண் பழைய டெல்டாவைவிட அதிகம். ஆக, நாற்று நடும்போது செருப்பில்லாமல் நின்றதைவிட, தோப்பில் ஒதுங்கும் இடத்தில் செருப்பில்லாமல் நடந்ததுதான் பெரிய ஆபத்து. கால்விரல் இடுக்கில் வெளுத்து நாறும் சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சை. பாதத்தின் மேலோ ஓரத்திலோ பொடிப்பொடியாகச் சிவந்து, இரவில் கடுமையாக அரித்தால் அது குட்டிப்புழு நுழைந்த தடமாக இருக்கலாம்.

இனி நான் தள்ளிவைத்த ஸ்ட்ராங்கிலாய்டிஸ். இது உடம்புக்குள்ளேயே குட்டி போட்டு, அந்தக் குட்டி குடல் சுவரைத் துளைத்து மறுபடி சுற்றும். பல ஆண்டுகள் ஓசையில்லாமல் இருக்கும். முட்டை மலத்தில் வராது, குட்டிதான் வரும். சாதாரணப் பரிசோதனை தவறவிடும், தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அல்பெண்டசோல் ஒரு வேளை போதாது, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் வேண்டும். இதை அடக்கி வைத்திருப்பது மேலே சொன்ன எதிர்ப்பு ஏற்பாடுதான். மூச்சிரைக்கிறது என்று ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் ஊசியோ பிரட்னிசோலோன் மாத்திரையோ கொடுத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து, குட்டிகள் லட்சக்கணக்கில் உடம்பெங்கும் பரவி உயிரைக் குடிக்கும். அப்போது ஈசினோபில் இறங்கிவிடுவதால் பார்ப்பவருக்குக் குணமாவதுபோலத் தோன்றும். உங்கள் அப்பாவுக்கு மூச்சிரைப்பும் இருக்கிறது, ஈசினோபிலும் ஏறியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் “மூச்சுக்குச் சின்ன மாத்திரை” எதுவும் வேண்டாம். ஸ்டீராய்டு தேவை என்று மருத்துவர் சொன்னால், முதலில் இந்தப் புழுவைப் பற்றிக் கேளுங்கள்.

மாத்திரை போட்ட மறுவாரமே ஈசினோபில் பார்க்க வேண்டாம். செத்த புழுவின் பொருள்களால் சிலருக்கு முதலில் ஏறவும் செய்யும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மூன்று நாள் மலமும் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒன்றாகப் பாருங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல், ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடரட்டும். எண்ணிக்கை 500-க்குக் கீழே வராமல் நின்றால், இன்னொரு பூச்சி மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். இந்த முதல் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.